அனுப்பியாச்சு

ரிஜிஸ்டர் அக்கா பத்தொன்பது வருஷத்தில் ஒரு தப்புகூடச் செய்ததில்லை என்று பரிசோதனைக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டதே அவள்தான் என்பது யாருக்கும் ஞாபகமில்லை.

மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் இடதுகைப் பக்கம் கடைசி அறை. ஆபரேஷனில் வெட்டி எடுக்கும் சதையெல்லாம் அங்கேதான் வரும். அதைப் பதப்படுத்தி, துண்டு துண்டாக மெழுகுக்குள் பதித்து வைப்பார்கள். பிறகு அந்த மெழுகுக் கட்டியைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற தலைமை டாக்டரம்மாவிடம் கொடுப்பார்கள். சாயம் ஏற்றுகிற பெண்ணுக்குச் சாயக்காரி என்று பேர் வைத்தது அக்கா. அக்காவுக்கு ரிஜிஸ்டர் என்று பேர் வைத்தது சாயக்காரி. எந்தக் கட்டி என்றைக்கு வந்தது, எது என்றைக்கு வெளியே போனது என்று எழுதி வைப்பதும், வருகிற போனுக்குப் பதில் சொல்வதும் அக்காவின் வேலை. கம்ப்யூட்டர் வந்து ஏழு வருஷமாகியும் நீல அட்டை போட்ட பெரிய நோட்டை அவள் விடவில்லை. "அது கரண்ட் போனா படுத்துக்கும். என் நோட்டு படுக்காது" என்பாள்.

சில பரிசோதனைகளுக்கு அங்கே வசதி கிடையாது. மார்பகப் புற்றுநோய் என்றால், அந்தக் கட்டி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கிற பரிசோதனை ஒன்று உண்டு. அதற்கு மெழுகுக் கட்டியைக் கூரியரில் வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும். அந்த முடிவு கைக்கு வந்தால்தான் கீமோவில் எந்த மருந்து கொடுப்பது என்று புற்றுநோய் டாக்டர் தீர்மானிப்பார். அவர் வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை மட்டும் வருகிறவர். முடிவு வராவிட்டால் 'எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் வந்து உட்கார்ந்ததும், அன்றைக்குப் போக வேண்டிய பாக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் நோட்டில் தேதி போட்டு, 'அனுப்பப்பட்டது' என்று ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடுவாள். கூரியர் வருவது மூன்று மணிக்கு. அவர் கொடுக்கும் ரசீது எண்ணை மட்டும் கடைசிக் கட்டத்தில் அப்புறம் எழுதிக்கொள்வாள். வேலை மளமளவென்று முடியும். அந்த வேகத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் எழுதி முடித்தாள். பிறகு பார்த்தால் ஒரு பாக்கெட்டில், படிவத்தில் ஆபரேஷன் செய்த டாக்டரின் கையெழுத்து இல்லை. மத்தியானம் வாங்கிக்கொள்ளலாம் என்று கீழ் டிராயரில் போட்டாள். மத்தியானம் லேபிள் சுருள்கள் நாலு பெட்டி வந்து இறங்கின. வைக்க இடமில்லை, அதே டிராயரில் அடுக்கினாள். அப்போது போன் அடித்தது, எடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பாக்கெட்டுக்குள் இருந்தது, பதினைந்து நாளைக்கு முன்னால் ஒரு பெண்ணின் மார்பிலிருந்து எடுத்த கட்டி.

அடுத்த செவ்வாய் காலை பத்து மணிக்கு ஒரு ஆள் கூப்பிட்டார்.

"வணக்கம்மா. தொந்தரவுக்கு மன்னிச்சுக்கணும். என் வீட்டுக்காரம்மாவோட ரிப்போர்ட் வெளியூருக்குப் போயிருக்கு. வந்துச்சான்னு கேக்கலாம்னு..." என்று ஆரம்பித்து, கேஸ் நம்பரை ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திச் சொன்னார்.

அக்கா நோட்டைப் பார்த்தாள். அவள் கையெழுத்து, முத்து முத்தாக. "அனுப்பியாச்சுங்க. அங்கேருந்து வரணும்."

"எப்ப வரும்னு தோராயமா..."

"வந்தா நாங்களே கூப்பிடுவோம்."

"சரிங்கம்மா. நல்லதும்மா."

அவர் லிஃப்ட் மெக்கானிக். செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. மறுநாள் புற்றுநோய் டாக்டரைப் பார்க்க மனைவியைக் கூட்டிக்கொண்டு வரலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டார். இதெல்லாம் அக்காவுக்கு அப்போது தெரியாது. அடுத்த செவ்வாய் அதே பத்து மணிக்கு, அதே வணக்கம், அதே மன்னிப்பு. அக்கா நோட்டைப் புரட்டி அதே பதிலைச் சொன்னாள். மூன்றாவது செவ்வாய் நோட்டைப் புரட்டக்கூட இல்லை. போன் அடித்ததுமே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துக் காதில் வைத்து, வணக்கத்தைக் கேட்டதும் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏய், செவ்வாய்க்கிழமை வந்துட்டாரு" என்றாள். சாயக்காரி கண்ணாடித் தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு என்றால் தொற்றிக்கொள்ளுமே, அக்காவும் குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு, குரலைச் சரிசெய்துகொண்டு, "அனுப்பியாச்சுங்க" என்றாள்.

நாலாவது செவ்வாய் அவர் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார். "ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் ஆகுதும்மா. நாலு வாரத்துல கீமோ ஊசி ஆரம்பிச்சுடணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அதான் கொஞ்சம் பயமா இருக்கு."

அன்றைக்கு அக்காவுக்கு வேலை தலைக்குமேல் இருந்தது. "அதுக்கு நான் என்ன சார் பண்றது? அங்க போய் உட்காந்து நானே சாயம் போடட்டுமா?"

"ஐயோ, இல்லம்மா. உங்க மேல தப்பில்ல. கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் இரண்டு செவ்வாய் கூப்பிட்டார். குரல் மட்டும் இறங்கிப் போயிருந்தது.

ஆறாவது செவ்வாய் கழிந்த வியாழக்கிழமை லேபிள் சுருள் தீர்ந்துபோயிற்று. அக்கா கீழ் டிராயரைத் திறந்து பெட்டிகளை எடுத்தாள். நாலாவது பெட்டிக்கு அடியில் பழுப்பு நிற உறை கிடந்தது. அதன் மேல் இருந்த நம்பரை அவள் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆறு வாரம் காதில் விழுந்த நம்பர்.

முதலில் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அப்படிப் பார்த்ததை நினைத்துத்தான் பின்னாளில் அவள் அதிகம் கூசினாள். அந்த நோயாளிக்கு என்ன ஆகும் என்று தோன்றுவதற்கு முன்னால், யாராவது பார்த்துவிட்டார்களா என்றுதான் தோன்றியிருக்கிறது. சாயக்காரி முதுகைக் காட்டிக்கொண்டு வேலையாக இருந்தாள். அக்கா நோட்டை எடுத்துப் பழைய பக்கத்தைப் புரட்டினாள். 'அனுப்பப்பட்டது' என்று இருந்தது. அதற்கு நேரே கடைசிக் கட்டம் வெள்ளையாக இருந்தது. ஆறு வாரம் அந்தக் கட்டத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை.

ஓடிப்போய்க் கையெழுத்து வாங்கினாள். மூன்று மணிக்குக் கூரியர்காரரிடம் பாக்கெட்டைக் கொடுத்தாள். அவர் ஐம்பது வயது ஆள். உள்ளே வந்தாலும் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டார், அதனால் அவருக்கு ஹெல்மெட் என்றே பேர். ரசீது எண்ணை வாங்கி, ஆறு வாரத்துக்கு முந்தைய தேதிக்கு நேரே, கடைசிக் கட்டத்தில் எழுதினாள். எழுத்து எப்போதும்போல அழகாகவே விழுந்தது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கணவரிடம் பாதி சொன்னாள். ஒரு பாக்கெட் தவறிப்போச்சு என்று மட்டும். "விடு, எந்த ஆபீஸ்லதான் நடக்கல" என்று அவர் குழம்பை ஊற்றிக்கொண்டார். அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

எட்டு நாளில் முடிவு வந்தது. அந்த ஊர்ப் பரிசோதனைக்கூடம் தன் ரிப்போர்ட்டில், கட்டி தங்கள் கைக்கு வந்த தேதியைப் போட்டிருந்தது. தலைமை டாக்டரம்மா எதையும் அடி வரை படிக்கிறவர். நோட்டையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"நாம அனுப்பி ஆறு வாரம் கழிச்சுப் போய்ச் சேந்திருக்கே. நடுவுல எங்க கெடந்துச்சு?"

அக்காவிடம் பதில் தயாராக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வாய் திறந்தபோது அது வந்தது. "கூரியர்ல எங்கயாவது மாட்டிக்கிட்டிருக்கும் டாக்டர். அவரு பெட்டியில பத்து ஆஸ்பத்திரி சாமான் இருக்கும்."

டாக்டரம்மா கூரியர் கம்பெனி மேலாளரிடம் போனில் பேசினார். அந்த ஆள் வம்பு வேண்டாம் என்று, "ஆளை மாத்திடறோம் டாக்டர்" என்று உடனே சொல்லிவிட்டான். ரசீதின் தேதியை யாரும் சரிபார்க்கவில்லை. அக்காவின் நோட்டை யார் சரிபார்ப்பார்கள்?

இரண்டு நாள் கழித்து ஹெல்மெட் வந்தார். பை இல்லாமல் வெறும் கையோடு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று, ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஐந்து வருஷத்தில் அவர் தலையை அக்கா பார்ப்பது அதுதான் முதல் தடவை. முடி கொட்டி, ஹெல்மெட் அழுந்திய தடத்தோடு, என்னமோ பார்க்கக்கூடாததைப் பார்த்தது போல் இருந்தது.

"போயிட்டு வரேங்க்கா. இனிமே வேற ஆள் வருவாரு."

"ஏன், என்னாச்சு?" அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாள்.

"அந்த அம்மாவோட பாக்கெட்டை நான்தான் எங்கயோ விட்டுட்டேன் போலிருக்கு. எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரலக்கா. ஆனா நீங்க நோட்டுல எழுதியிருக்கீங்களே. உங்க நோட்டு தப்பா இருக்காதே." அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "என்னால ஒரு அம்மாவுக்கு வைத்தியம் தள்ளிப்போச்சுன்னு வீட்டுல கூடச் சொல்லல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது? அவங்களுக்கு எப்படி இருக்குன்னு தெரிஞ்சா ஒரு வார்த்த சொல்லுங்கக்கா."

அவர் போன பிறகு அக்கா அரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சாயக்காரி இரண்டு தடவை, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். பிறகு அக்கா நீல நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நோட்டை மேஜையில் விரித்து வைத்து, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இந்த நம்பரைப் பன்னெண்டு நாள் முன்னாலதான் எழுதினேன். பாக்கெட் என் டிராயர்லதான் இருந்துச்சு. அவரு மேல தப்பில்ல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. "தவறுதலா விட்டது ஒண்ணு. அதை அவர் தலையில போட்டது வேற ஒண்ணு. உங்களுக்குத் தெரியும்" என்றார். அக்காவுக்குத் தெரியும்.

"எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. கூரியர் கம்பெனிக்கு நான் இன்னைக்கே சொல்லிடறேன். அந்த அம்மாவுக்கு நாளைக்கு முதல் ஊசி. பயந்துக்கிட்டு வருவாங்க, அது முடியட்டும். அடுத்த வாரம் ரத்தம் பாக்க வருவாங்க. அப்ப நான் சொல்லிக்கறேன். நீங்க வர வேண்டியதில்ல."

"நானும் வரேன் டாக்டர்."

"எதுக்கு? அவங்க மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்னா?"

அப்படி ஒரு ஆசை அக்காவின் மனசின் ஓரத்தில் இருந்தது பொய்யில்லை. இருந்தாலும் வரேன் என்றே சொன்னாள்.

அடுத்த வாரம் அவர்கள் டாக்டரம்மா அறைக்கு வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நாற்பத்து நாலு வயது. திரைச்சீலைக் கடையில் வேலை, வீடு வீடாகப் போய் ஜன்னலுக்கு அளவெடுப்பவள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் ஜன்னலைப் பார்த்து, "இந்த ஸ்கிரீன் ரெண்டு இன்ச் குட்டைங்க டாக்டர். யாரு தச்சது?" என்றாள். கணவர் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். ஒடிசலான ஆள், நகக்கண்ணில் கிரீஸ் ஏறியிருந்தது. அக்கா சுவரோரமாக நின்றாள். இவர்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. ஆனால் போன் குரலை வைத்து அவள் கற்பனை செய்திருந்த ஆள் வேறு, தொணதொணவென்று இருக்கும் கிழவர்.

டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். பாக்கெட் இங்கேயே தங்கிவிட்டது, ஆறு வாரம், தப்பு எங்களுடையது.

"நான்தாங்க" என்றாள் அக்கா. "கையெழுத்து இல்லன்னு டிராயர்ல போட்டேன். மறந்துட்டேன். அனுப்பாமலே அனுப்பினதா எழுதியிருந்தேன். நீங்க கேட்டப்பல்லாம் அதைப் பாத்துத்தான் சொன்னேன். அப்புறம் கூரியர்காரர் மேல பழியப் போட்டேன்."

அந்தப் பெண்தான் முதலில் கேட்டாள். "இந்த ஆறு வாரத்துல அது எங்கயாவது பரவியிருக்குமா டாக்டர்?"

"தெரியாதுன்னுதான் சொல்ல முடியும். சீக்கிரமா ஆரம்பிச்சா நல்லது. பன்னெண்டு வாரத்தத் தாண்டினா நிச்சயமா நல்லதில்லன்னு சொல்றாங்க. உங்களுக்குப் பத்தாவது வாரத்துல ஊசி ஆரம்பிச்சாச்சு. பயப்படாதீங்கன்னும் சொல்லமாட்டேன், ஒண்ணும் ஆகாதுன்னும் சொல்லமாட்டேன். கவனமாப் பாத்துக்கிட்டே இருப்போம்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, யாரைப் பார்த்து என்று இல்லாமல், "ஒண்ணு சொல்லணும்" என்றாள். "ஒவ்வொரு செவ்வாயும் இவரு போனை வச்சிட்டு 'இன்னும் வரல'ன்னு சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. இந்த வாரம் ஊசி இல்ல, முடி போகாது, வாந்தி இல்லன்னு. வராமலே போகட்டும்னுகூட நெனச்சேன். இவரு அந்தப் பக்கம் பதறிக்கிட்டிருக்காரு, நான் இந்தப் பக்கம் சந்தோஷமா அளவெடுக்கப் போயிட்டிருந்தேன்."

கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அது அவருக்குப் புதுச் செய்தி. கையிலிருந்த பையின் பிடியை இழுத்து இழுத்து விட்டார். பிறகு அக்காவின் பக்கம் நிமிர்ந்தார்.

"மறந்தது சரிங்க. நானும் ஸ்பேனரை மோட்டார் ரூம்ல மறந்து வச்சிட்டு வந்தவன்தான்." குரல் அதே மரியாதையோடு இருந்தது. "நீங்க போனைக் கையால பொத்திக்கிட்டுதான் சொன்னீங்க. ஆனா கேட்டுச்சும்மா."

அக்காவின் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது.

"என்ன கேட்டுச்சு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. விடு."

அவர் அதை இத்தனை நாளும் மனைவியிடம் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவராகச் சொல்லவும் மாட்டார். சும்மா நின்றால் விஷயம் அதோடு முடிந்துவிடும். எழுதிக் கொடுத்த காகிதத்திலும் அது இல்லை. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அக்கா சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"இவருக்குச் செவ்வாய்க்கிழமைன்னு பேரு வச்சிருந்தேன். இவரு போன் பண்ணா அதைச் சொல்லிச் சிரிப்போம். ஒரு நாள் எரிஞ்சும் விழுந்தேன். அன்னைக்கு இவருதான் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு."

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கும் என்பார்கள். அப்படி ஒன்றும் இறங்கவில்லை. அந்தப் பெண் அவளை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையைத் தாங்குவதற்கு டாக்டரம்மா அறையின் தரையில் எத்தனை ஓடு பதித்திருக்கிறது என்று எண்ண வேண்டியிருந்தது.

"வாங்க, ரத்தம் எடுக்க நேரமாச்சு" என்று அவள் கணவரைக் கிளப்பினாள். கதவருகில் நின்று, "அந்தக் கூரியர்காரர் வேலை போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. திரும்ப இங்கேயே வரச் சொல்லிட்டோம்" என்றார் டாக்டரம்மா.

அக்காவை டெலிபோனிலிருந்தும் நோட்டிலிருந்தும் எடுத்தார்கள். எழுத்து மூலமாக எச்சரிக்கை கொடுத்து, கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அறை மாறுவதற்கு முன்னால் அவள் கூரியர் கம்பெனி வாசலுக்கே போய் ஹெல்மெட்டைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். "அப்ப நான் இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கும்போது கண் கலங்கிவிட்டது. கோபமா, ஆறுதலா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வாரமே அவர் மருத்துவமனைக்குத் திரும்பி வந்துவிட்டார். வழியில் பார்த்தால் தலையசைப்பார். அக்கா என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோயிற்று.

சாயக்காரி சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கி வருவாள். "நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? போதும்க்கா, உங்களையே தின்னுக்கிட்டு" என்பாள். பாக்கெட்டை வேண்டுமென்று விடவில்லை, வாஸ்தவம்தான். சிரித்ததை வேண்டுமென்று செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது? அக்கா டப்பாவை மூடிவைத்துவிட்டுப் பேச்சை மாற்றுவாள்.

புதன்கிழமைகளில், ஊசி போடும் வார்டுப் பக்கமாகப் போக வேண்டியிருந்தால் அவள் சுற்றிக்கொண்டு பின்படி வழியாகப் போனாள். ஆனால் அங்கிருக்கும் நர்ஸிடம் மட்டும் விசாரிப்பாள். இரண்டாவது ஊசி முடிந்தது. மூன்றாவதுக்கு ரத்த அணு குறைந்து ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த வாரம் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாவதும் முடிந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்தது.

ஒரு வருஷம் கழித்து, பரிசோதனைக்காகப் பழைய கோப்பு கேட்டு அவர்கள் கீழ்த்தளத்துக்கு வந்தார்கள். கணவர் அக்காவைப் பார்த்ததும் நடையிலேயே நின்று, தீயணைப்புக் கருவியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் மட்டும் கவுண்டருக்கு வந்தாள். முடி காதுவரை சுருட்டை சுருட்டையாக வளர்ந்திருந்தது.

அக்கா கோப்பைத் தேடி எடுத்து, ஒவ்வொரு தாளும் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக் கொடுத்தாள்.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் அந்தப் பெண், கேட்காமலே. "அஞ்சு வருஷம் பாக்கணுமாம்."

"சரிங்க."

"அவரு உங்ககிட்ட பேசமாட்டாரு. பேசச் சொல்லி நானும் சொல்லமாட்டேன்."

"வேண்டாங்க."

அவள் கையெழுத்துப் போட்டாள். கை இன்னும் முழுசாக மேலே தூக்க வரவில்லை போலிருந்தது, மறு கையால் தாங்கிக்கொண்டு எழுதினாள். "சாயங்காலம் கொண்டாந்து தரணுமா, நாளைக்குக் குடுத்தா போதுமா?"

"நீங்க அலைய வேண்டாம். டாக்டர் ரூம்லயே வச்சிடுங்க. நானே மேல வந்து எடுத்துக்கறேன்" என்றாள் அக்கா.